கழலாத சுத்தியல்

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. பசாரில் மீன்காரர் "இன்னிக்குக் காலையில வந்தது அக்கா" என்று சொன்னால், அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். என் பிழைப்பு அப்படி. தொழிற்கல்லூரியின் இயந்திரப் பட்டறையில் பயிற்றுநராக இருக்கிறேன். ஒரு மாணவன் இரும்புத் துண்டைக் கொண்டுவந்து நீட்டி "சரியா இருக்கு டீச்சர்" என்றால் தலையாட்டிவிட முடியாது. அளந்து பார்க்க வேண்டும். அளந்த பிறகு, அளந்த கருவி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையே வருடக் கணக்காகச் செய்துகொண்டிருந்தால் மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்க்க வருகிறது.

அதனால் கல்லூரியின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப்போகிறோம் என்று இயக்குநர் கூட்டத்தில் அறிவித்தபோது, மற்றவர்கள் கைதட்டினார்கள், நான் "இப்ப எதுக்கு?" என்று நினைத்தேன். நன்றாக நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. இழுத்து மூடப்போகிறார்களோ, இல்லை எங்கள் பட்டறையைக் காலி செய்துவிட்டுக் கண்ணாடி அறை கட்டப்போகிறார்களோ என்று ஓடியது புத்தி. கண்காட்சிப் பொறுப்பை ஓர் இளம் விரிவுரையாளரிடம் கொடுத்திருந்தார்கள். நம்ம ஆள்தான், தமிழ்ப் பையன், மரியாதை தெரிந்தவன். ஆனால் பட்டறையின் ஒரு மூலையைக் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தவனும் அவன்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தாலே என் கடைசல் இயந்திரங்களை மனதுக்குள் எண்ணிக்கொள்வேன்.

கல்லூரி என்று இப்போது வாய் நிறையச் சொல்கிறோம். ஆரம்பத்தில் அது எங்கள் தீவில் ஜெலுத்தோங் பக்கம் தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள்தான். பையன்களுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. ஒரு கொட்டகையில் லேத் என்கிற கடைசல் இயந்திரங்கள், மற்றதில் மரவேலை. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் பக்கம், தொழிற்சாலைகள் வந்ததும் மரவேலை போய் மின்சாரப் பிரிவு வந்தது. பிறகு பள்ளி பயிற்சிக் கழகம் ஆயிற்று, கழகம் கல்லூரி ஆயிற்று. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் வாசல் பலகையை மாற்றி, கேட்டுக்குப் புதுச் சாயம் அடித்து, பழைய காகிதங்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆகவே எங்கள் கல்லூரிக்கு வரலாறு என்று ஒன்று இருந்தால் அது நாங்கள் வாயால் சொல்வதுதான். எவன் கடைசியாகச் சொல்கிறானோ அவன் சொல்வதே நிற்கும்.

அந்த வரலாற்றில் எனக்கு ஓர் இடம் உண்டு. இயந்திரப் பட்டறையில் சேர்ந்து படித்த முதல் பெண் நான். பல வருடங்களுக்கு முன்னால் அப்போதைய கல்லூரி முதல்வர் மேடையில் அப்படிச் சொன்னார், அதற்குப் பிறகு வந்தவர்களும் சொன்னார்கள். எந்த விழா என்றாலும் என்னை எழுப்பி நிற்க வைப்பார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள். சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஓர் அறையில் ஏழு பேராகப் படுத்து வளர்ந்தவளுக்கு இது பெரிய விஷயம். எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை, அடக்கமாக இருந்தேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன்.

கண்காட்சிக்கு என் இளவயதுப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கீழே "முதல் பெண்" என்று போட்டிருந்தான் அந்த விரிவுரையாளர் தம்பி. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு சுத்தியல்.

அந்தச் சுத்தியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறையில் யார் சேர்ந்தாலும் முதல் வருடத்தில் செய்ய வேண்டியது ஒரு சுத்தியல். தலையை இரும்புக் கட்டியிலிருந்து அரத்தால் ராவி எடுக்க வேண்டும். கைப்பிடியை லேத்தில் கடைந்து, அதன் நுனியில் மரை வெட்டி, தலையின் துளைக்குள் திருகி ஏற்ற வேண்டும். செய்து முடித்ததும் பயிற்றுநர் அளந்து பார்ப்பார். தேறினால், எண் அச்சை வைத்து மாணவனின் பயிற்சி எண்ணைத் தலையின் பக்கவாட்டில் அடித்துக் கொடுப்பார். எண்ணை மாணவன் அடிக்கக் கூடாது, பயிற்றுநர்தான் அடிக்க வேண்டும். எண் விழுந்தால்தான் சுத்தியல் உனக்குச் சொந்தம். நல்லதாக ஒன்று அமைந்தால் எண் அடிக்காமல் பயிற்றுநர் மாதிரிக்கு எடுத்துக்கொள்வார், செய்தவன் வேறொன்று செய்ய வேண்டும். மாதிரிகள் சுவரில் கொக்கியில் தொங்கும். அடுத்து வருகிறவன் அதைப் பார்த்துத்தான் செய்வான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனர். வாய் திறந்து பேசவே காசு கேட்பார் போல இருக்கும். நான் சேர்ந்த புதிதில் கையெல்லாம் கொப்புளமாகி, பையன்கள் பார்த்துச் சிரிக்க, அரத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அவர் சுவருக்குப் போய் ஒரு சுத்தியலை எடுத்துவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் என்னுடையதைச் செய்தேன். அதைப் போல அழகான வேலையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அதில் ஒரு வினோதம், அதன் கைப்பிடி கழலவே கழலாது. மற்ற மாதிரிகள் கைபட்டுக் கைபட்டுத் தளர்ந்துவிடும், பையன்கள் கழற்றி விளையாடுவார்கள். இது மட்டும் அசையாது. அவரே செய்து, ஏதோ வித்தை பண்ணிச் சூட்டில் இறுக்கி வைத்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றபோது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு இறந்தும் போனார்.

நான் பயிற்றுநர் ஆன பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப் பையன்களிடம் அதை நீட்டுவேன். "இதைக் கழட்டுறவனுக்கு நான் தே தாரேக் வாங்கித் தரேன்." பெரிய பெரிய தோள்காரன்கள் முகம் சிவக்கத் திருகுவார்கள். ஒருத்தனுக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்ததில்லை. எங்கள் சாரின் கை அப்படி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

கண்காட்சிக்கான விளம்பரம் முகநூலில் போன மறுவாரம், ஒரு காலை நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். இயக்குநர் நிறுத்தும் இடத்தில் காடியை நிறுத்திவிட்டு, பூப்போட்ட சட்டையும் கை நிறைய வளையலுமாகப் பட்டறை வாசலில் நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கும். கையில் இருந்த போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது நீங்கதானே?"

"ஆமாக்கா. என்னா வேணும்?"

"முதல் பொண்ணுன்னு போட்டிருக்காங்க. நீங்க முதல் இல்லம்மா. நான் உங்களுக்கு முன்னாலேயே இங்க லேத் ஓட்டியிருக்கேன்."

கடைசல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலும் அவர் சொன்னது தெளிவாகவே கேட்டது. எனக்கு வந்தது பயமில்லை, கோபம். இத்தனை வருடம் எங்கே இருந்தார்? ஒரு விழாவுக்கு வந்தாரா? ஒரு படத்தில் இருக்கிறாரா? அவரை அலுவலகத்துப் பக்கம் பேச்சுக்கு விடாமல் பட்டறையை ஒட்டிய என் சின்ன அறைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

"சர்டிபிகேட் இருக்காக்கா?"

"இல்ல. வருஷம் முடியறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. தம்பி தங்கச்சிங்க சின்னப் பிள்ளைங்க. மாக் மண்டின்ல ஃபேக்டரிக்குப் போயிட்டேன். லேத் தெரியும்னு சொன்னேன். பேப்பர் இல்லையேன்னு பேக்கிங்ல போட்டாங்க."

"போட்டோ?"

"அப்ப யாரு போட்டோ புடிச்சா?"

"கூடப் படிச்சவங்க யாராவது?"

"ஒருத்தன் ஆஸ்திரேலியாவுல இருக்கான்னு கேள்வி. மத்தவனுங்க எங்கேன்னு தெரியாது லா."

வசதியான பதில்கள். எதையும் பிடித்து அளக்க முடியாத பதில்கள். அப்புறம்தான் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டேன். ஜெலுத்தோங்கில் சமையல் ஒப்பந்தம். கல்யாணம், காதுகுத்து, அலுவலக விருந்து எதுவானாலும் அவர்கள் வண்டிதான் போகுமாம். எனக்குப் பொறி தட்டியது. கண்காட்சித் திறப்புக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள், இன்னும் சாப்பாட்டுக்கு யாரிடமும் சொல்லவில்லை. சரிதான், பிரியாணி அண்டாவை உள்ளே தள்ளத்தான் இந்தக் கதை என்று நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் படித்திருக்க வேண்டும்.

"எனக்கு உங்க பூவும் வேணாம், பொன்னாடையும் வேணாம். கல்யாணம் ஆகி வந்த வீட்டுல சொன்னேன், நான் லேத் ஓட்டினவன்னு. எங்க வீட்டுக்காரரு, 'ஆமா ஆமா, ஏரோப்பிளேன்கூட ஓட்டினே'ன்னு சிரிச்சாரு. போய்ச் சேர்ற வரைக்கும் நம்பல. இப்ப மகன் இஞ்சினியர், பாயான் லெப்பாஸ்ல. அவனும், 'அம்மா கதை விடுவாங்க, விடுங்க'ன்னு ஃப்ரெண்ட்ஸ்ங்ககிட்ட சொல்றான். இங்க இருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆமா இவங்க இங்க படிச்சாங்கன்னு அவன்கிட்ட சொன்னா போதும்."

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவமாக இருப்பதெல்லாம் உண்மை ஆகிவிடாது. நான் கேள்வியை ஆரம்பித்தேன்.

"அப்ப லேத்தெல்லாம் என்னா கலர்ல இருந்துச்சு?"

"சாம்பல் கலர்."

பச்சை. நான் சேர்ந்த நாளிலிருந்து பச்சை. இன்றைக்கும் பச்சை.

"சாரு எப்படி? கண்டிப்பா?"

"பேச மாட்டாரு. சிகரெட்டு மட்டும் ஓயாது. வாயில ஒட்டிவெச்ச மாதிரி எந்நேரமும் இருக்கும்."

எங்கள் சார் சிகரெட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. மாணவன் கொண்டுவரும் துண்டு அளவு தப்பியிருப்பதைப் பார்த்தால் ஒரு பயிற்றுநருக்கு வரும் அதே குரூர சந்தோஷம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று மத்தியானம் மாணவர்கள் சாப்பிடப் போன பிறகு, இருப்பதிலேயே பழைய லேத்தின் அடியில் குனிந்து, சாயத்தை ஒரு ஓரமாகச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே சாம்பல் தெரிந்தது. பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: எந்த இயந்திரத்துக்கும் முதல் பூச்சு சாம்பல்தான் அடிப்பார்கள், இது ஒன்றையும் நிரூபிக்காது. சுரண்டிய இடத்தில் எண்ணெயைத் தடவி மறைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பட்டர்வொர்த்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதற மாட்டார்.

"அந்தம்மா பொய் சொல்றாங்கன்னா விட்டுடு. நெஜம் சொல்றாங்கன்னா உனக்கு என்னா கொறைஞ்சு போச்சு?" என்றார்.

என்ன குறைந்து போகுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் என்று ஒரு வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நான் யார்? பட்டறையில் இருக்கும் இன்னொரு டீச்சர். சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இதை முடித்து வைக்க ஒரு வழி யோசித்தேன். அவரைக் கூப்பிட்டு, தம்பியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, பிடித்துவிடுவது. சுவரில் தொங்கிய மாதிரிச் சுத்தியல்களை எல்லாம் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். எதிலும் எண் கிடையாது, எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இதில் உங்களுடையது எது என்று கேட்பேன். அவர் ஒன்றைத் தொடுவார். அதெல்லாம் நான் பயிற்றுநர் ஆன பிறகு என் மாணவர்கள் செய்தவை, பழையவை என்றைக்கோ தொலைந்துபோயின. எதைத் தொட்டாலும் மாட்டிக்கொள்வார். சாரின் சுத்தியல் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

அவர் வந்தார். இந்த முறை காடியைச் சரியான இடத்தில் நிறுத்தியிருந்தார். வந்ததும் தம்பியைப் பார்த்து "சாப்பிட்டியாப்பா?" என்றார். பார், இப்போதே கைக்குள் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்களும் சுத்தியல் செஞ்சிருப்பீங்கதானேக்கா?"

"செய்யாம? அதைத்தான் சார் மாதிரிக்குன்னு வாங்கி மாட்டிக்கிட்டாரே. வேற செய்யறதுக்குள்ள நான் போயிட்டேன். அதான் என் கையில ஒண்ணும் இல்ல."

"இதுல எது உங்களோடது?"

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார். இடது கையால் எடுத்தார், அது மட்டும் என் கண்ணில் பட்டது. எடை பார்த்தார், கைப்பிடியை ஒரு திருகு திருகினார், வைத்தார். கடைசிவரை போனார்.

"இதுல இல்லம்மா."

தம்பி என்னைப் பார்த்தான். நான் எதிர்பார்த்தது இதில்லை.

"நல்லாப் பாருங்க" என்றேன்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இதெல்லாம் கழண்டு வருது. என்னோடது கழலாது."

பட்டறையில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் நான் குரலைத் தாழ்த்தினேன்.

"கழலாதுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். செஞ்சவ நான்தானே."

எனக்கு அப்போதும் சந்தேகம் அடங்கவில்லை. கழலாத சுத்தியல் பற்றி எத்தனையோ மாணவர்களுக்குத் தெரியும். அவர்களில் எவனாவது இவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்து கதை பேசியிருக்கலாம். "அது எங்க சார் செஞ்சது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சார் செஞ்சதா? அவரே உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

யோசித்தேன். சொன்னதில்லை. ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டது, நானாகப் பிறருக்குச் சொன்னது. இத்தனை வருடம் மற்றவர்கள் சொன்னதை எல்லாம் அளந்து பார்த்தவள், என் வாய் சொன்னதை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறேன்.

தம்பி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சுத்தியலைக் கொண்டுவந்தான். அந்த அம்மாள் அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார். பிறகு தலையை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் கைப்பிடியைத் திருகினார். எல்லோரும் எந்தப் பக்கம் இறுக்குவார்களோ அந்தப் பக்கம் திருகினார். ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான். கைப்பிடி சுற்றிச் சுற்றி வெளியே வந்தது.

மேசை விசிறியின் இறக்கையைக் கழற்றிக் கழுவியிருக்கிறவர்களுக்குத் தெரியும், நடுவில் இருக்கும் மூடியை எதிர்ப்பக்கம் திருகினால்தான் வரும். அதற்கு இடதுமரை என்று பேர். எங்கள் சாணைக்கல் இயந்திரத்தின் ஒரு பக்கத்திலும் அந்த மரைதான். வருடா வருடம் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் படம் வரைந்து நான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே கையால் இந்தச் சுத்தியலை எடுத்துக் கழலாது என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பையன்கள் திருகத் திருக அது இறுகித்தான் போயிருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்மா அன்னிக்கு," என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "நான் இடது கைக்காரி. லேத்துல பக்கம் மாத்துற லீவர யாரோ திருப்பி வெச்சிட்டுப் போயிருந்தானுங்க. நான் கவனிக்கல. வெட்டுற டூல் எதிர்ப்பக்கமாப் போச்சு, எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. வெட்டி முடிச்சிட்டுப் பார்த்தா தலைக்குள்ள ஏறவே மாட்டேங்குது. வேற கம்பி கேட்டா சார் குடுக்க மாட்டாரு, ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். அழுகையா வந்துச்சு. அப்புறம் அலமாரியில தேடி, சாணைக்கல்லுக்கு வெச்சிருந்த, துளைக்குள்ள இடதுமரை வெட்டுற டேப்ப எடுத்து, கழிவுல கெடந்த கட்டியில இன்னொரு தலை ராவி, அதுலயும் தலைகீழாவே மரை போட்டேன். ரெண்டும் தப்பு, சேர்த்தாச் சரி. சார் வந்து கழட்டிப் பார்த்தாரு. முடியல. என்னைக் கழட்டச் சொன்னாரு. கழட்டினேன். அன்னிக்குத்தான் அவரு சிரிச்சு நான் பார்த்தேன். 'பாகுஸ்'னாரு, நல்லாருக்குன்னு. போய் மாட்டிட்டாரு."

சாரின் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவருடைய சிகரெட்டையும்தான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு முன்னால் எதையெல்லாம் விட்டாரோ. என் கண்ணில் படாததால் நடந்தது இல்லை என்று ஆகிவிடாதே.

அப்போதுதான் அது உறைத்தது. சுவரில் எத்தனையோ சுத்தியல்கள் தொங்கின. பையன்களுக்குச் சார் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார். கொப்புளக் கையோடு அழுதுகொண்டிருந்த எனக்கு மட்டும் எட்டி, கடைசிக் கொக்கியில் இருந்த இதை, ஒரு பெண் செய்ததை, எடுத்து வந்தார். ஓய்வு பெற்றபோதும் இதைத்தான் என்னிடம் கொடுத்தார். மேடையில் முதல்வர் என்னை முதல் பெண் என்று முதன்முதலாகச் சொன்ன அன்று, பின்வரிசையிலிருந்து சார் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். என்மேல் பொறாமை என்று நினைத்தேன். அவருக்குத் தெரியும். பேசுகிற ஆளாக இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

தம்பி மெதுவாகக் கேட்டான், "டீச்சர், அப்ப பேனல்ல என்னா போடறது?"

"பொறு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்து எண் அச்சுப் பெட்டியை எடுத்தேன். சுத்தியலின் தலையைப் பட்டறைப் பிடியில் இறுக்கினேன்.

"உங்க நம்பர் என்னாக்கா?"

மறந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்தக் கடைசி நொடியிலும் ஒரு மூலையில் நினைத்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. மலாயில் சொன்னார், அந்தக் காலத்தில் வருகைக்குக் கூப்பிடும்போது சொல்வோமே, அதே ராகத்தில். ஒவ்வொரு எண்ணாக வைத்து அடித்தேன். முதல் எண் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. என் கை அப்படி எப்போதும் சாய்ந்ததில்லை. அவர் முந்தானை இல்லாத சட்டையின் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைப்பிடியைத் திரும்பத் திருகி ஏற்றினார், ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். பேனலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது இன்னும் மோசம். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காமல் போனதால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் கெட்டது. என்ன திட்டமோ, திறப்பு விழாவில் எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்பாரோ என்று ஓடியது. சாப்பாடு வேறு ஆளுக்குப் போயிற்று. அவர் விலைகூடக் கேட்டு அனுப்பவில்லை என்று தம்பி சொன்னான். பேனலை மாற்றட்டுமா என்று அவன் கேட்ட ஒவ்வொரு முறையும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளை நாளை என்று திறப்பு நாள் வந்துவிட்டது, என் படமும் அந்த வார்த்தையும் அப்படியே நின்றன.

கூட்டம் நிறைய. இயக்குநர், பழைய மாணவர்கள், மாக் மண்டின் முதலாளிகள், பத்திரிகைக்காரர்கள். பூங்கொத்து என் கையில் இருந்தது. அந்த அம்மாள் பட்டுச் சேலையில் வந்திருந்தார், கூட மகன். உயரமான பையன், கழுத்தில் அலுவலக அட்டையைக் கழற்றாமல் வந்திருந்தான். அம்மாவின் பின்னால் பொறுமையாக, வேறு வழியில்லாதவன் போல நடந்தான். என் படத்தின் முன்னால் நின்று வாசித்தான். முதல் பெண். வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகப் பரிதாபப்பட்டான்.

"போதும்மா. வீட்டுக்குப் போலாம்" என்றான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்திருந்தால்கூட நான் முகத்தைத் திருப்பியிருப்பேனோ என்னவோ. பார்க்காமல் நின்றாரே, அதுதான் என்னால் முடியவில்லை. பூங்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுத்து அவர் மகனிடம் நீட்டினேன்.

"தம்பி, இதைக் கழட்டுங்க பார்ப்போம்."

அவன் மரியாதைக்கு வாங்கினான். திருகினான். இன்னும் பலமாகத் திருகினான். சுற்றி நின்றவர்களில் என் பழைய மாணவர்கள் சிரித்தார்கள், "வராது ப்ரோ, நாங்க எல்லாம் ட்ரை பண்ணியாச்சு" என்றார்கள்.

"ஜாம் ஆயிருச்சு டீச்சர்" என்றான் அவன்.

"உங்க அம்மாகிட்ட குடுங்க."

அவர் வாங்கினார். இடது கையால் ஒரு திருகு. கழற்றி, இரண்டு துண்டுகளாக மகன் கையில் வைத்தார். சிரித்த பழைய மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் மரையைப் பார்த்தான். இஞ்சினியர்தானே, பார்த்ததும் புரிந்துவிட்டது. பக்கவாட்டில் இருந்த எண்ணை விரலால் தடவினான்.

"அம்மா, நெஜமாவே நீங்களா?"

"என்னைக் கேக்காத. நான் சொன்னா நீ நம்ப மாட்ட. டீச்சரைக் கேளு."

அவன் என் பக்கம் திரும்பினான். இயக்குநரும் திரும்பினார். பின்னால் என் படம் பெரிதாக நின்றது. சத்தமாகத்தான் சொன்னேன்.

"ஆமா தம்பி. இந்த வொர்க்‌ஷாப்புக்கு முதல்ல வந்த பொண்ணு உங்க அம்மா. நான் அவங்க சுத்தியலைப் பார்த்துச் செஞ்சவ."